தம்பி ஓடிய ஓட்டம்

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ பிறந்த கதை, தொலைந்த கதை, மறுபடி கிடைத்த கதை

நிலவறைக்குள் ஒருவன் வந்து இறங்குகிறான். பின்னாலேயே கம்பிக் கதவு சடாரென்று விழுகிறது. வெள்ளை உடுப்பு. கையில் வாள்கூட இல்லை. மேலே அரண்மனையில் இளவரசி சிறையிருக்கிறாள். தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சாவு என்று மந்திரி ஜாஃபர் அவளுக்குக் கெடு வைத்திருக்கிறான். கெடு ஒரு மணி நேரம். அது ஆடுபவரின் வீட்டுக் கடிகாரத்தில் ஓடும் நிஜமான ஒரு மணி நேரம். அதற்குள் பன்னிரண்டு லெவல்களைத் தாண்டி அவளிடம் போய்ச் சேர வேண்டும்.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டர் படியேறியவர்களுக்கு இவனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. டாஸின் கறுப்புத் திரையில் ‘பிரின்ஸ்’ என்று அடித்து என்டரைத் தட்டினால் வந்து நிற்பான். பக்கத்திலேயே ‘மெகாஹிட்’ என்று சேர்த்து அடித்தால் லெவல் விட்டு லெவல் தாவலாம் என்ற ரகசியம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மற்ற கேம்களின் பொம்மைகள் கட்டம் கட்டமாக நகர்ந்த காலத்தில் இவன் மட்டும் மனிதனைப் போல ஓடினான். ஓடி வந்து நிற்கும்போது குதிகால் வழுக்கியது. விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது உடம்பின் கனம் தெரிந்தது. விளையாட வந்தவர்கள், தங்கள் முறை வரும்வரை, அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததே ஒரு பொழுதுபோக்கு.

அந்த ஓட்டம் ஒரு பள்ளிக்கூடப் பையனுடையது.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு படப்பிடிப்பு

ஜோர்டான் மெக்னர் 1964இல் நியூயார்க்கில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே ‘கராத்தேகா’ என்ற கேமை ஆப்பிள் 2 கணினிக்காகத் தனியாளாக எழுதினார். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பிராடர்பண்ட் நிறுவனம் 1984இல் அதை வெளியிட்டது, நன்றாக விற்றது. அடுத்த கேமுக்கு உட்கார்ந்தபோது அவர் முதலில் கையில் எடுத்தது வீடியோ கேமராவைத்தான். 1985 அக்டோபரில், சப்பாக்குவா என்ற ஊரில், ரீடர்ஸ் டைஜஸ்ட் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்துக்குத் தம்பி டேவிட்டை அழைத்துப் போனார். வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டு ஓடச் சொன்னார். ஓடு, நில், திரும்பு, எம்பிக் குதி, சுவரைப் பிடித்துத் தொங்கு, ஏறு. அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி செய்தான். அந்த வீடியோவை இன்று இணையத்தில் பார்க்கலாம். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் உற்சாகம், நிறைய ஓட்டம்.

வீடியோவிலிருந்து படத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் வழி அன்று சுலபமாக இல்லை. மெக்னர் அறையை இருட்டாக்கி, டிவியில் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் 35 மில்லிமீட்டர் கேமராவில் போட்டோ எடுத்தார். பிலிமைக் கழுவிப் பிரின்ட் போட்டார். பிரின்டில் தம்பியின் உருவத்தைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரும் வெள்ளை மையும் பூசி, உருவம் மட்டும் தனியாகத் தெரியும்படி செய்தார். அவற்றை வரிசையாக ஒட்டி ஜெராக்ஸ் எடுத்தார். அந்த ஜெராக்ஸ் தாளை மறுபடி ஒரு கேமராவின் கீழே வைத்துக் கணினிக்குள் ஏற்றினார். அதன் பிறகு புள்ளி புள்ளியாகத் திருத்தம். சினிமாக்காரர்கள் இதை ரோட்டோஸ்கோப் என்பார்கள். கார்ட்டூன் படங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருக்கும் உத்தி. வீட்டுக் கணினியில், ஒற்றை ஆளாக, இந்த அளவுக்கு அதைச் செய்தவர்கள் அரிது.

வாள் சண்டைக்குத் தம்பி போதவில்லை. 1938இல் வந்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்தின் கடைசிச் சண்டையில் எரோல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் பக்கவாட்டில் நேருக்கு நேர் நின்று மோதும் இடம் ஒன்று வரும். சில நொடிகள்தான். கேமும் பக்கவாட்டுப் பார்வையில் ஓடுவது. மெக்னர் அந்த நொடிகளை வெட்டி எடுத்து, முன்னேறு, பின்வாங்கு, குத்து, தடு என்று பிரித்துக்கொண்டார். இளவரசியாக வந்தவள் அலுவலக நண்பர் ஒருவரின் மகள். இசை அப்பாவுடையது: ஃபிரான்சிஸ் மெக்னர், தொழிலால் உளவியல் அறிஞர். ‘கராத்தேகா’வுக்கும் அவர்தான் இசையமைத்தார். இப்படிக் குடும்பமே கூடிச் செய்த கேம் இது.

இத்தனை பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த அசைவுதான் ஆடும் விதத்தையும் தீர்மானித்தது. நிண்டெண்டோவின் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ அதே 1985இல் வந்தது. அதில் மரியோவைக் குதிக்க வைத்துவிட்டு, அந்தரத்தில் இருக்கும்போதே இடமும் வலமும் திருப்பலாம். விரல் சொன்னது உடனே நடக்கும். பெர்சிய இளவரசன் அப்படி இல்லை. தாவ ஆரம்பித்தால் தாவி முடிக்கும்வரை அவன் நம் பேச்சைக் கேட்க மாட்டான். ஓட்டத்திலிருந்து நிற்க அவனுக்கு இரண்டு அடி வேண்டும். அந்த இரண்டு அடிக்குள் முள் கிடங்கு இருந்தால் கதை முடிந்தது. எனவே ஆடுபவர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பள்ளத்தின் விளிம்புக்கு ஒவ்வொரு அடியாக மெல்ல நடந்து போய், பின்னால் இரண்டு எட்டு வந்து, ஓடி, கடைசி அடியில் தாவ வேண்டும். நிஜத்தில் வாய்க்காலைத் தாண்டுகிறவர் செய்வதும் இதுதான். அவன் விழும்போது நம் வயிற்றில் ஏதோ புரள்வதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கீழே விழுவது ஒரு உடம்பு.

இடமில்லாமல் பிறந்த எதிரி

ஆப்பிள் 2 கணினியின் 128 கிலோபைட் நினைவகத்தில் இந்தக் கேம் அடங்க வேண்டும். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு அந்த இடம் போதாது. தம்பியின் ஓட்டமும் தாவலும் ஏற்கெனவே நிறைய இடத்தைத் தின்றுவிட்டன. முதலில் மெக்னரின் திட்டத்தில் சண்டையே கிடையாது; பொறிகளும் கதவுகளும் பள்ளங்களும் மட்டும்தான். பிராடர்பண்டில் உடன் வேலை பார்த்த தோழி டோமி பியர்ஸ் விடவில்லை. சண்டை வேண்டும் என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னார். புதிதாக ஒரு எதிரியை வரைந்தால் அவனுக்குத் தனி ஓட்டம், தனி நடை, தனித் தாவல் வேண்டும். வைக்க இடமில்லை.

அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. இளவரசனின் படங்களையே எடுத்து, ஒரு புள்ளி தள்ளி, அதே படத்தின் மீது ‘எக்ஸ்-ஆர்’ என்ற எளிய கணக்கைப் போட்டால் என்ன? இரண்டிலும் வெளிச்சம் இருந்த இடம் இருண்டுபோகும். விளிம்பு மட்டும் மினுங்கும். திரையில் நின்றது இளவரசனின் நிழல். ஒரு பைட் கூடப் புதிய படம் தேவைப்படவில்லை.

நான்காவது லெவலில், போகிற வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். சுற்றிப் போக முடியாது. ஓடிவந்து அதற்குள்ளேயே பாய வேண்டும். இந்தப் பக்கம் இவன் விழ, அந்தப் பக்கம் அதே வேகத்தில் நிழல் வெளியே ஓடும். இவன் உயிரில் ஒரு சொட்டுதான் மிச்சம். அடுத்த லெவலில் நாம் பாடுபட்டுத் திறந்த கதவுக்குப் பின்னால் இருக்கும் மருந்தை நிழல் முந்திக்கொண்டு குடித்துவிடும். அதற்கடுத்த லெவலில் நாம் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடிப் பள்ளத்தில் தள்ளும். பன்னிரண்டாவது லெவலில் நேருக்கு நேர் வாளோடு வந்து நிற்கும். வெட்டினால் வலி நமக்கு. அதன் உயிர் குறையும்போது நம் உயிரும் குறைகிறது. கொன்றால் நாமும் சாவோம். எத்தனை முறை செத்தாலும் கேம் வழி சொல்லித் தராது. வழி ஒன்றுதான்: வாளை உறையில் போட வேண்டும். போட்டால் நிழலும் போடும். இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று ஓடிச் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகுதான் முன்னால் இருக்கும் வெற்றுப் பள்ளத்தின் மீது, கால் வைக்க வைக்கப் பாலம் முளைக்கும்.

ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், ஒரு சில விசைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆடுபவரின் கையாலேயே இதைச் செய்ய வைத்திருக்கிறார் மெக்னர். அதற்குப் பிறகு கதை சொல்வதற்கென்றே கோடிக்கணக்கில் செலவழித்த கேம்கள் எத்தனையோ வந்துவிட்டன. அந்த வாளை உறையில் போடும் கணத்துக்கு ஈடாக நான் கண்டவை மிகக் குறைவு. எட்டாவது லெவலில் கதவுக்கு இந்தப் பக்கம் சிக்கிக்கொண்டவனுக்காக, இளவரசி அனுப்பிய சின்ன வெள்ளை எலி ஓடி வந்து தரையில் இருக்கும் விசைக் கல்லை மிதித்துக் கதவைத் திறக்குமே, அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

கேம் 1989 அக்டோபரில் ஆப்பிள் 2க்கு வெளியானது. இடையில் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தார் மெக்னர். அவர் முடிப்பதற்குள் ஆப்பிள் 2இன் காலமே முடிந்துகொண்டிருந்தது. விற்பனை மந்தம். 1990இல் டாஸ் வடிவம் வந்தது. அப்போதும் அமெரிக்கச் சந்தை உடனே அசையவில்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பிடித்துக்கொண்டது. 1992இல் மெக்கின்டாஷ் வடிவம் வந்தபோது அமெரிக்காவும் திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த வடிவத்தில் இருபது லெவல்கள், இரண்டு மணி நேரக் கெடு. கடைசியில் இருபது லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது.

அலமாரியின் மூலையில்

2001இல் ஃபிரான்ஸின் யூபிசாஃப்ட் நிறுவனம் மெக்னரிடமிருந்து உரிமையைப் பெற்று, மான்ட்ரியலில் புதிய கேம் ஒன்றைத் தொடங்கியது. 2003இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்ற ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ அதுதான். வேலை நடக்கும்போது, 2002 வாக்கில், பழைய கேமையும் இதற்குள் வைக்கலாமே என்று கேட்டார்கள். மூல நிரல் வேண்டும் என்றார்கள். மெக்னர் தேடினார். இல்லை.

கடையில் வாங்கிய ஃபிளாப்பியில் கேம் இருக்கிறதே, அதுபோதாதா என்று தோன்றலாம். அதில் இருப்பது இயந்திரத்துக்கு மட்டும் புரியும் எண்களின் வரிசை. எழுதியவர் எந்த இடத்துக்கு என்ன பெயர் வைத்தார், எந்த வரியை எதற்காக எழுதினார், எங்கே தடுமாறினார் என்பதெல்லாம் அதில் கிடையாது. அவை இருப்பது மூல நிரலில். மூல நிரல் இல்லாமலும் இந்தக் கேமை வேறு கணினிக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. கமடோர் 64க்காக ஒரு ரசிகர், ஆப்பிள் வடிவத்தின் எண்களைப் பிரித்துப் பிரித்துப் படித்து, 2011இல் வெளியிட்டே காட்டினார். அந்த உழைப்பை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு மார்ச்சில், நியூயார்க்கிலிருந்து அப்பா ஒரு அட்டைப் பெட்டியை மகனுக்கு அனுப்பினார். அலமாரியின் பின்பக்கத்தில் கிடந்ததாம். மேலே ‘கராத்தேகா’வின் ஸ்பானியப் பதிப்புகள். அடியில், சேர்த்துக் கட்டிய மூன்றரை அங்குல ஃபிளாப்பிகள். லேபிளில் மெக்னரின் கையெழுத்து: பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, மூல நிரல், ஆப்பிள், 1989, அசல்.

கிடைத்ததும் ஓட்டிப் பார்த்துவிட முடியாது. ஃபிளாப்பியின் காந்தப் பூச்சு ஆண்டுகள் ஓட ஓடத் தளரும். தவறான டிரைவில் ஒருமுறை போட்டாலே சுரண்டிவிடக்கூடும். இன்டர்நெட் ஆர்க்கைவைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட்டும், பழைய ஆப்பிள் கணினிகளைக் கரைத்துக் குடித்த டோனி டயஸும் 2012 ஏப்ரல் 16 அன்று பழைய இயந்திரங்களைச் சுமந்துகொண்டு லாஸ் ஏஞ்சலிஸில் மெக்னரின் வீட்டுக்கு வந்தார்கள். உலகெங்கும் ரசிகர்கள் ட்விட்டரில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். ஃபிளாப்பிகளைப் படிக்க முடிந்தது. மறுநாள் நிரல் முழுவதும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைக்கப்பட்டது. கேமின் உரிமை யூபிசாஃப்டிடம் இருக்கிறது. படித்துக் கற்க விரும்புகிறவர்களுக்காக இதை வைக்கிறேன் என்றார் மெக்னர்.

அதில் அசைவுகளுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. ஓட்டம், தாவல், திரும்புதல், தொங்குதல், சாவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. இந்தப் படத்தைக் காட்டு, இத்தனை புள்ளி முன்னால் தள்ளு, அடுத்த படத்தைக் காட்டு, காலடிச் சத்தம் எழுப்பு, மறுபடி முதலிலிருந்து. நொடிக்கு ஏறத்தாழ 12 படங்கள். ஒரு படத்துக்குக் கூடுதலாகத் தள்ள வேண்டும், அடுத்ததற்குக் குறைவாக; ஓடுகிறவரின் கால் தரையை உதைக்கும் கணத்துக்கும் காற்றில் இருக்கும் கணத்துக்கும் வேறுபாடு உண்டு அல்லவா, அது அங்கே எண்ணாக நிற்கிறது. கார் நிறுத்துமிடத்தில் டேவிட் ஓடிய ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அந்த எண்களில் படிக்கலாம். எனக்கு இது ஒரு கேமின் உறுப்பு என்பதைத் தாண்டி, ஒரு அண்ணன் தன் தம்பியை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தான் என்பதற்கான பதிவு.

நிரல் வெளியான பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் பழைய பிபிசி மாஸ்டர் கணினியிலும் ஆப்பிள் 2இல் இருந்த 6502 வகைச் சிப்தான். அந்தக் கணினியின் ரசிகர்கள், வெளிவந்த நிரலை வைத்து, 2018இல் இளவரசனை அதில் ஓட வைத்தார்கள். கேம் வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, சந்தையிலிருந்து எப்போதோ போய்விட்ட ஒரு கணினிக்கு அது புதுசாக வந்து சேர்ந்தது.

வண்ணம் பூசிய வீடு

யூபிசாஃப்டும் சும்மா இருக்கவில்லை. 2007 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் 360க்கு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கிளாசிக்’ என்ற மறுவெளியீடு வந்தது. செய்தது கேம்லாஃப்ட். லெவல்களின் அமைப்பு அப்படியே. பொறிகளும் கதவுகளும் இருந்த இடத்தில்தான். மேலே பூசிய வண்ணம் மட்டும் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ பாணி: தீப்பந்த வெளிச்சம், செதுக்கிய தூண்கள், துணிகளின் மடிப்பு. இளவரசனுக்கும் உருண்டு போவது போன்ற சில புதிய வித்தைகள். நேரத்தோடு போட்டிபோட ஒரு வகை, ஒரே உயிரில் முடிக்க ஒரு வகை.

அக்கறையோடு செய்த வேலை அது. முதல்முறை ஆடுகிறவர்களுக்கு நல்ல வாசல். ஆனாலும் அதை ஆடும்போது ஏதோ ஒன்று இளகியிருக்கிறது. அசைவுகள் வழவழப்பாகிவிட்டன, தப்பிக்க வழிகள் கூடிவிட்டன. விழப்போகிறோம் என்ற அந்தப் பயம் குறைந்துவிட்டது. நிழலுக்கும் இதேதான் நடந்தது. ஆப்பிளின் திரையில் மினுங்கும் வெறும் விளிம்பாக இருந்தவன், அழகாக வரையப்பட்ட ஒரு கறுப்பு உருவமாகிவிட்டான். இருப்பதையே மடித்து அவனைப் படைத்த கட்டாயம் மறைந்ததும், அவன் வழக்கமான வில்லன்களில் ஒருவனாகத் தெரிகிறான்.

புதுப்பிப்பது பார்ப்பதற்குத்தான் எளிது. ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கேமையே புதிதாகச் செய்யும் பொறுப்பை யூபிசாஃப்ட் தன் புனே, மும்பை ஸ்டூடியோக்களிடம் கொடுத்து 2020இல் அறிவித்தது. இந்தியாவுக்கு வந்த பெரிய வாய்ப்பு. முன்னோட்டத்தைப் பார்த்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், தேதி தள்ளிப்போனது, 2022இல் வேலை மான்ட்ரியலுக்கே திரும்பியது. அங்கே உழைத்த நம்மூர்க் கலைஞர்களுக்காக வருத்தப்படுகிறேன். பழைய ஒன்றைத் தொடும்போது, ஆடியவர்களின் ஞாபகத்தோடும் சேர்த்துப் போட்டிபோட வேண்டியிருக்கிறது.

என் கேள்வி வேறு. மறுவெளியீடு செய்யும்போது அசலும் ஏன் பக்கத்திலேயே கிடைக்கக் கூடாது? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விலைக்கே கிடைப்பதில்லை என்கிறது. வாங்க வழியில்லை, நூலகத்தில் இருந்தாலும் வீட்டிலிருந்து எடுத்து ஆட உரிமைச் சட்டம் விடுவதில்லை. மெக்னருக்கு ஒரு அப்பா இருந்தார், எதையும் தூக்கிப்போடாத அப்பா. பிராடர்பண்ட் நிறுவனமே 1998இல் கைமாறிப்போனது. இப்படி மூடிய, விற்கப்பட்ட எத்தனை நிறுவனங்களின் ஃபிளாப்பிகள் எந்த அலமாரியிலும் இல்லாமல் குப்பைக்குப் போயிருக்கும்!

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு முன்மாதிரி வந்துவிட்டது, அதுவும் மெக்னரின் இன்னொரு கேமைக் கொண்டே. 2023இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் ‘தி மேக்கிங் ஆஃப் கராத்தேகா’வை வெளியிட்டது. உள்ளே 1984இன் ‘கராத்தேகா’ எதையும் மாற்றாமல் இருக்கிறது. அதற்கு முந்தைய, பாதியில் நின்ற முயற்சிகள் இருக்கின்றன, ஆடியே பார்க்கலாம். தயாரிப்பாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து, வரைந்து பார்த்த தாள்கள், அப்பாவும் மகனும் அருகருகே உட்கார்ந்து இசையைப் பற்றிப் பேசும் காட்சி, எல்லாம் கால வரிசையில். கடைசியில், வேண்டுமென்றால் ஆட, புதுப்பித்த வடிவமும் உண்டு. பழையதைப் பார்த்த கண்ணோடு புதியதை ஆடும்போது, எங்கே எதற்காக மாற்றினார்கள் என்பது நமக்கே விளங்குகிறது.

இளவரசனுக்கும் இப்படி ஒரு பதிப்பு வர வேண்டும். பொருளுக்குப் பஞ்சமில்லை. மெக்னர் அந்த நாட்களில் எழுதிய நாட்குறிப்பு 2011இலும், படங்களோடு 2020இலும் புத்தகமாக வந்துவிட்டது. அவருடைய காகிதங்களும் வீடியோ நாடாக்களும் ராச்செஸ்டர் நகரில் உள்ள ‘தி ஸ்ட்ராங்’ விளையாட்டு அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நிரல் கையில் இருக்கிறது. உரிமை யூபிசாஃப்டிடம் இருக்கிறது. 1989இன் ஆப்பிள் வடிவம், நம் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஓடிய டாஸ் வடிவம், ஜப்பானின் இருபது லெவல் வடிவம், 2007இன் ‘கிளாசிக்’, கூடவே டேவிட் ஓடும் அந்த வீடியோ, மார்க்கர் பூசிய ஜெராக்ஸ் தாள்கள், ஃபிரான்சிஸ் மெக்னரின் இசை, நிரலின் அந்த அசைவு வரிசைகள். இவை அத்தனையும் ஒரே பதிப்பில் வந்தால், தொண்ணூறுகளில் வரிசையில் நின்று ஆடியவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து முதலில் வீடியோவைக் காட்டிவிட்டு, பிறகு கேமைக் கையில் கொடுக்கலாம்.